நான்கு கன்றுகளின் சொத்துக் கணக்கு

1848-ல் ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவை. மற்ற இரண்டும் இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றின் வழியாக வந்து சேர்ந்தவை. எல்லாம் அழகுக்கு வைத்த மரங்கள். அவற்றின் விதைகள் சுமத்திராவின் டெலி பகுதிக்குப் போய், அங்கேயும் பல காலம் சாலையோர அழகு மரங்களாகவே நின்றன. இன்று கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் சாலையின் இருபுறமும் நிரை பிடித்து நிற்கும் மரங்களின் தாய்வழியைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் அந்த நான்கில்தான் முடியும்.

நம் தோட்டக் கதைகளில் பால்மரம்தான் நாயகன். விடியுமுன் எழுந்து மரம் சீவப் போனவர்கள், மங்கு, வாளி, ஒட்டுப்பால், பெரட்டுக் களம் என்று மலேசியத் தமிழில் கதைகளுக்குக் குறைவில்லை. செம்பனைக்கு அந்தப் பாசம் வாய்க்கவில்லை. ஆனாலும் வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழர்கள் நான்கு தலைமுறை உழைத்தபின்னும் சொந்தக் கூரையில்லாமல் நின்றது எப்படி என்று கேட்டால், இந்த மரத்தின் வரலாறு பளிச்சென்று பதில் சொல்கிறது. மரம் கடல் கடந்த ஒவ்வொரு முறையும் கணக்கில் சொத்தாக ஏறியது. அதனோடு வந்த மனிதர்கள் அதே கணக்கில் செலவாக ஏறினார்கள்.

சோப்புக்கு முன்னும் பின்னும்

மேற்கு ஆப்பிரிக்காவில் செம்பனை, கம்பெனிச் சொத்தாக வாழ்க்கையைத் தொடங்கவில்லை. காட்டோரத்திலும் கொல்லையிலும் வளர்ந்தது. ஆண்கள் ஏறிக் குலை வெட்டுவார்கள். பெண்கள் பழத்தை வேகவைத்து இடித்து எண்ணெய் எடுப்பார்கள். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்ததும், அதுவரை மனிதர்களை ஏற்றிவந்த லிவர்பூல் வணிகர்கள் சிலர் அதே கடற்கரைக்கு எண்ணெய் ஏற்றப் போனார்கள். ரயில் அச்சுக்கு மசகாகவும், தகரத் தகடு செய்யவும், மெழுகுவத்திக்கும், எல்லாவற்றையும்விட சோப்புக்கும் அந்த எண்ணெய் வேண்டியிருந்தது. அடிமை வணிகத்தின் லாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு முதலாகப் போனது என்று டிரினிடாட் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944-ல் வாதிட்டார். அந்த முதல் ஓட்டிய இயந்திரத்துக்கு எண்ணெய் வார்த்ததும் ஆப்பிரிக்காதான்.

சன்லைட் சோப்பு விற்றுப் பெரும்பணம் சேர்த்த வில்லியம் லீவர், இங்கிலாந்தில் தன் தொழிலாளர்களுக்காகப் போர்ட் சன்லைட் என்ற அழகிய கிராமத்தைக் கட்டினார். நல்ல வீடுகள், பூந்தோட்டம், கலைக்கூடம் எல்லாம் அதில் உண்டு. அதே லீவருக்குப் பெல்ஜியக் காங்கோவில் 1911-ல் ஏழரை லட்சம் ஹெக்டேர் வரை செம்பனை நிலம் எடுத்துக்கொள்ள உரிமை கிடைத்தது. அங்கே குலை வெட்ட ஆள் வரவில்லை. வரி போட்டும் மிரட்டியும் அடித்தும் வரவழைத்தார்கள். 1931-ல் பெண்டே மக்கள் கிளர்ந்தபோது ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒரே சோப்புக் கட்டிக்குப் பின்னால் பூந்தோட்டமும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. இரண்டும் ஒரே முதலாளியின் கணக்கில் வந்தவை.

‘தோட்டம் இல்லாமல் இவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நைஜீரியாவில் ஒரு பதில் இருக்கிறது. அங்கேயும் லீவர் பெருந்தோட்டத்துக்கு நிலம் கேட்டார். 1919 முதல் 1925 வரை அங்கே ஆளுநராக இருந்த ஹியூ கிளிஃபர்ட் கொடுக்க மறுத்தார். கிராமத்து உழவர்களே உற்பத்தியைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். இந்த கிளிஃபர்ட் மலாயாவுக்குப் புதியவரல்ல. இளமையில் பகாங்கில் ரெசிடென்டாக இருந்தவர், 1927-ல் சிங்கப்பூருக்கே ஆளுநராகத் திரும்பி வந்தவர். ஒரே பேரரசு, ஒரே அதிகாரி, ஒரே மரம். நைஜீரியாவில் உழவர் கையில் இருந்தது, மலாயாவில் கம்பெனி கைக்குப் போனது. பெருந்தோட்டம் மரத்தின் தேவையால் வந்ததல்ல. யாரோ எடுத்த முடிவால் வந்தது.

ரந்தாவ் பஞ்சாங்கிலிருந்து தென்னமரத்துக்கு

அந்த முடிவு கோலசிலாங்கூருக்கு வந்தது ஒரு பிரெஞ்சுக்காரர் மூலம். ஆன்ரி ஃபோக்கோனியே 1905-ல் மலாயாவுக்கு வந்தார். ரப்பர் நட ரந்தாவ் பஞ்சாங் பகுதியில் நிலம் எடுத்தார். பெல்ஜியத்துக்காரர் அட்ரியான் ஆலே அவருக்கு முதலீடு தேடிக் கொடுத்தார். ஆலே காங்கோவில் செம்பனையைப் பார்த்துப் பழகியவர். டெலியில் அழகுக்கு நின்ற மரங்கள் ஆப்பிரிக்க மரங்களைவிட நன்றாகக் காய்ப்பதைக் கண்டு, 1911-ல் சுமத்திராவில் வணிகத் தோட்டம் தொடங்கினார். அங்கிருந்து விதை ரந்தாவ் பஞ்சாங்குக்கு வந்தது. 1917-ல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. ஃபோக்கோனியே பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயராக இருப்பதே அங்கே வேலை செய்தவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடும்.

அவர்களை அங்கே சேர்த்தது கங்காணி முறை. ஒப்பந்தக் கூலியான சஞ்சிக்கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1907-ல், தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்து ஆள் கொண்டுவரும் குடியேற்ற நிதி ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தபந்தங்களைத் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். கப்பல் கட்டணத்தை நிதி பார்த்துக்கொண்டது. ஆள் கடனாளியாக வரவில்லை என்று சட்டம் பெருமை பேசியது. ஆனால் வந்து இறங்கியவருக்குத் தோட்டத்துக்கு வெளியே தெரிந்தவர் கங்காணி ஒருவர்தான்.

கார்ல் மார்க்ஸ் 1867-ல் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் பீல் என்ற ஆங்கிலேயரின் கதையைச் சொல்கிறார். பீல் பணமும் பண்டமும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் ஆட்களெல்லாம் கலைந்து போனார்கள். படுக்கை விரித்துத் தரக்கூட அவருக்கு ஆளில்லை. அங்கே நிலம் சும்மா கிடந்தது. எவனும் இன்னொருவனுக்குக் கூலிவேலை செய்ய வேண்டிய தேவையில்லை. பணமும் கருவியும் தாமாக முதலாவதில்லை, வேறு வழியில்லாத மனிதர்கள் இருக்கும்போதுதான் அவை முதலாகின்றன என்பதே இந்தக் கதையால் மார்க்ஸ் சொல்ல வந்தது.

மலாயாத் துரைமார்கள் பீலின் தவற்றைச் செய்யவில்லை. வெட்டிய காட்டுக்குப் பட்டா கம்பெனி பெயரில். நடுவில் லயம். லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை. பக்கத்தில் கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை. அத்தனையும் ஒரே நிலத்தில், ஒரே கையில். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பள்ளியும் கோயிலும் போகும். பூட்டு எதுவும் தேவைப்படவில்லை.

இருபத்து நான்கு மணி நேரம்

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் வேலை முறையில் பெரிய வேறுபாடு உண்டு. ரப்பர் பாலைத் தகடாக்கி உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். விலை சரிந்தால் மரத்தைச் சீவாமல்கூட விட்டுவிடலாம். செம்பனைக் குலை அப்படியல்ல. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய் வெந்தாக வேண்டும்; இல்லையென்றால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் கெடும். அதனால் குலை வெட்டுவோர், உதிரிப்பழம் பொறுக்குவோர், லாரி, ஆலை எல்லாமே ஒரே கடிகாரத்துக்கு ஓடின. பழத்தின் அவசரம் தொழிலாளியின் உடம்பில் ஏறியது. நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேலே பத்து, இருபது கிலோ குலையை அறுத்துத் தள்ளுகிற வேலை அது.

அதே அவசரத்தில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. இரண்டு நாள் வேலை நின்றால் அறுத்த குலை அத்தனையும் வீண். தொழிலாளியிடம் இருந்த பலம் அதுதான். ஆனாலும் வேலையை நிறுத்தும் பலத்தை முதலில் பெரிதாகக் காட்டியவர்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள். 1941 மார்ச்சில் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூரின் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். கோரிக்கைகளில் முதலாவது, சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. அதற்குப் பின்னால் வந்தவைதான் துரைமார்களைக் கொதிக்க வைத்தன: கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து, உறவினர் தோட்டத்துக்குள் வரத் தடை போடாதே, சங்கம் வைக்க விடு, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி.

சைக்கிள் கோரிக்கையைச் சில்லறை விஷயமாகப் பார்த்தவர்கள் அன்றும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலிலேயே ஆழமான வரி அதுதான். கூலியைப் பேரம் பேசி ஐந்து காசு கூட்டலாம். சைக்கிளிலிருந்து இறங்க மறுப்பது, ‘நீ என் உழைப்பை வாங்கினாய், என்னை வாங்கவில்லை’ என்று சொல்வது. மூலதனம் என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவு என்று ஐரோப்பியப் புத்தகங்கள் நீட்டி விளக்கியதைத் தோட்டத்துச் சாலையில் ஒருவர் மிதிகட்டையில் கால் வைத்தபடியே சொல்லிவிட்டார். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, படையை இறக்கினார்கள். குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில்பாதை போடப் போனார்கள், பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் தொழிற்சங்கம் மீண்டும் தலைதூக்கியது. 1948-ல் மீண்டும் அவசரகாலச் சட்டம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய டிசம்பரில், உலு சிலாங்கூரின் பத்தாங் காலி ரப்பர்த் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் சீனத் தோட்டத் தொழிலாளர்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் அல்லர். சொத்துறவைக் கேள்வி கேட்கிற குரல் அதோடு நெரிக்கப்பட்டது. 1954-ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலியைப் பேசியது. நிலத்தைப் பேசவில்லை.

மரத்துக்கு ஒரு நிதி

1952-ல் மலாயாவில் ரப்பர் மறுநடவுக்கு ஒரு நிதி ஏற்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரில் தீர்வை பிடித்து, கிழமரத்தை வெட்டிப் புதிது நட மானியம் கொடுத்தார்கள். மரத்துக்கு வயதாகும், அதற்குப் பதில் வைக்கப் பணம் ஒதுக்கியாக வேண்டும் என்பதை அரசாங்கமும் கம்பெனியும் ஒப்புக்கொண்டன. அதே மரத்தைச் சீவியவர் ஓய்ந்தபின் குடியிருக்க ஒரு வீட்டுக்கு அப்படியொரு நிதி வரவில்லை.

அதே காலத்தில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல் அந்தத் தலைமுறைக்கு இடிபோல் விழுந்தது. ஒரே நாளில் வேலையும் வீடும் போயின. அப்போதுதான், 1960-ல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் பங்கு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. சம்பந்தன் புரட்சிக்காரர் அல்லர், ஆளுங்கூட்டணி அமைச்சர். ஆனாலும் தோட்டத் தமிழர் வரலாற்றில் உடைமைக் கேள்வியை நேராகக் கையிலெடுத்த முயற்சி அதுதான். விற்பனைக்கு வந்த நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் கூட்டுறவின் கை குட்டை; எல்லாத் தோட்டத்தையும் எட்டிப் பிடிக்க அதனால் முடியவில்லை.

1981 செம்பனைக்கு இரட்டைத் திருப்பம். அதுவரை மலேசியாவில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். தோட்டங்களில் பெருமளவு பெண்கள் செய்த வேலை. அந்த ஆண்டு பிப்ரவரியில் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு கூன்வண்டை ஜொகூர்த் தோட்டமொன்றில் விட்டார்கள். பூவுக்குப் பூ பறந்து அந்த வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, செலவு குறைந்தது, பெண்களின் வேலை ஒன்று மறைந்தது. வண்டின் மேல் குற்றமில்லை. ஆளின் உழைப்பை மிச்சப்படுத்துகிற எந்த அறிவும் ஆளுக்கு ஓய்வாக வரலாம், வேலையின்மையாகவும் வரலாம். எதுவாக வரும் என்பதை உடைமைதான் முடிவு செய்கிறது.

செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலையில் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பங்கை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. குடியேற்றக் காலத்துச் சொத்தை நாடு மீட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பங்கு கைமாறிய அளவுக்கு லயத்தில் எதுவும் கைமாறவில்லை. துரையின் பங்களாவில் பெயர்ப்பலகை மாறியது. வீடு வேலையோடு கட்டியே இருந்தது.

மகரந்தம் தூவிய வேலை போனபின், முதுகில் தோம்பு கட்டி மருந்தடிக்கும் வேலை பல பெண்களுக்கு மிஞ்சியது. ஐரின் ஃபெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பு, 2002-ல் அந்தப் பெண்களின் உடல்நலக் கேட்டைப் பதிவுசெய்து அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அதே ஆண்டு அறிவித்த தடை 2006-ல் தளர்ந்தது. முழுத் தடை 2020-ல்தான் வந்தது. நடுவில் போனது பதினெட்டு ஆண்டுகள்.

கடைசிப் பயிர்

1990களில் கோலாலம்பூர் வடக்கே விரிந்தபோது, தோட்டத்தில் ரப்பரையும் செம்பனையும் மிஞ்சுகிற பயிர் வந்தது. அது நிலத்தின் விலை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டங்கள் கைமாறின, வேலை நின்றது. தலைமுறையாகக் குடியிருந்த 245 குடும்பங்கள் மாற்று வீடு கேட்டு கால் நூற்றாண்டு காத்திருந்தன. புக்கிட் தாகாரில் 2005 முதல் கோலாலம்பூரின் குப்பையைப் புதைக்கும் நிலம் இயங்குகிறது. நகரத்தின் குப்பைக்கு நிரந்தர இடம் கிடைத்தது; அந்த மண்ணைத் திருத்தியவர்களுக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவர்களோடு நின்று மனுவும் மறியலுமாகப் போராடியது மலேசிய சோசலிசக் கட்சி. தோட்டங்களிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் வேலை செய்த குழுக்கள் சேர்ந்து 1998-ல் உருவாக்கிய கட்சி அது. பதிவு கிடைக்கவே பத்து ஆண்டு பிடித்தது. 2023-ல் கூட்டரசு அரசாங்கம் பெஸ்தாரி ஜெயாவில் வீடுகள் கட்டப் பணம் ஒதுக்குவதாக அறிவித்தது.

தோட்டத்தில் மிஞ்சிய வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜென்ட். கப்பலின் இடத்தில் விமானம். பலர் வரும்போதே கடனோடு வருகிறார்கள். 2020 டிசம்பரில், கட்டாய உழைப்பு அறிகுறிகள் உண்டென்று கூறி, தென்னமரம் தோட்டத்தை அப்போது வைத்திருந்த சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்தபின் 2023 பிப்ரவரியில் அந்தத் தடை நீங்கியது. நூறாண்டுக்குப் பின்னும் அதே மரத்தடியில் அதே கேள்வி எழுந்தது. அதைக் கேட்டது எண்ணெய் வாங்கும் நாட்டின் சுங்க அதிகாரி.

245 குடும்பங்களின் வீட்டை அரசியல்வாதிகள் சலுகை என்கிறார்கள், கம்பெனிகள் நல்லெண்ணம் என்கின்றன. இரண்டும் பொருந்தாத பெயர்கள். நாற்பது ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு லயத்து அறையைக் காட்டிக் கூலியைக் குறைவாக வைத்தார்கள். அப்படிப் பிடித்துவைத்த கூலிதான் இப்போது வீடாகக் கேட்கப்படுகிறது. செம்பனை இருபத்தைந்து ஆண்டில் கிழடாகும் என்று நட்ட அன்றே தெரியும். அதற்கான மறுநடவுச் செலவை ஒவ்வொரு கம்பெனியும் முன்கூட்டியே கணக்கில் வைக்கிறது. நிலம் விற்கும்போது, ஆலை மூடும்போது, பயிர் மாறும்போது, அங்கே குடியிருப்பவர்களின் மறுவாழ்வுச் செலவையும் அதே கணக்கில் முதல் வரியாக வைக்கச் சட்டம் வேண்டும். தமிழரோ வங்காளதேசத்தவரோ, யார் லயத்தில் இருந்தாலும் அந்தச் சட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். 1952-ல் மரத்துக்குச் செய்ய முடிந்ததை மனிதருக்குச் செய்யப் பணமில்லை என்று இந்தத் தொழில் சொல்ல முடியாது.